பெட்டியைப் பிரித்த கையோடு

நம் வீடுகளில் ஒரு புதுப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டச் சொல்லுகிறோம். ஒரு மனை வாங்கினால் வில்லங்கம் பார்த்து, பத்திரம் பதிந்து, அதற்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பீரோவிலும் இன்னொன்றை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வைக்கிறோம். புது ஸ்கூட்டர் வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் அதை நகர்த்துகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று எண்ணிக் கொடுத்து வாங்குகிற கம்ப்யூட்டருக்கு மட்டும் எந்த முறையும் கிடையாது. பெட்டியைப் பிரிக்கிறோம், குங்குமம் வைக்கிறோம், பொத்தானை அமுக்குகிறோம், அது வரிசையாகக் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் சம்மதம், சம்மதம் என்று தலையாட்டிவிட்டு, சினிமா பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம்.

இது கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். புது யந்திரத்தை எழுப்பிப் பழகுவதற்கு முன்னால், அதன் வயிற்றில் இருப்பதை அப்படியே, ஒரு புள்ளி விடாமல், வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். இதற்கு சிஸ்டம் இமேஜ் என்று பெயர். அதைச் செய்யாமல் முதல் நாளே யந்திரத்தை உபயோகிக்கத் தொடங்குகிறவர், தாம் விலை கொடுத்து வாங்கிய பொருளில் பாதியை விற்றவனிடமே விட்டுவிட்டு வருகிறார் என்பது என் கட்சி.

'கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். கல்லூரிப் படிப்பைப் பட்டம் வரை கொண்டுபோகாதவன் நான். எந்தக் கம்ப்யூட்டர் பரீட்சையும் எழுதியவனல்லன். ஆனால் பிரதி என்பதன் அருமை எழுத்தாளனுக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்குத் தெரியும்? தபாலில் தொலைந்த கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி முந்தின தலைமுறை எழுத்தாளர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். கார்பன் தாள் வைத்து எழுதியவன் பிழைத்தான், வைக்காதவன் அழுதான். அந்தப் பாடம் இன்றைக்கும் மாறவில்லை. தாள் மட்டும்தான் மாறியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பேக்கப் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது கல்யாண போட்டோக்களும், வருமான வரிக் கணக்கும், பிள்ளையின் மார்க் ஷீட்டும்தான். அவை நம்முடைய சரக்கு. அவற்றையும் காப்பாற்றத்தான் வேண்டும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைத் தாங்கி நிற்கிற வீடு ஒன்று இருக்கிறதல்லவா? விண்டோஸ் என்கிற ஆதார அமைப்பு. திரை, ஒலி, வைஃபை, கேமரா ஒவ்வொன்றையும் இயக்குவதற்கென்று அந்தந்த மாதிரிக்குத் தனியாகச் சேர்த்த டிரைவர்கள். வட்டைப் பல அறைகளாகத் தடுத்திருக்கிற தடுப்புகள். யந்திரம் கண் விழிப்பதற்கு வேண்டிய சின்னஞ்சிறு கோப்புகள். இத்தனையும் சேர்ந்ததுதான் நீங்கள் கடையில் விலை பேசி வாங்கிய கம்ப்யூட்டர். போட்டோக்களைப் பத்திரப்படுத்துவது பீரோவிலிருக்கும் நகையைப் பத்திரப்படுத்துவது. சிஸ்டம் இமேஜ் எடுப்பது வீட்டுப் பத்திரத்தையும் வரைபடத்தையும் பத்திரப்படுத்துவது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த தர்மமும் அல்ல. 1981இல் ஐ.பி.எம். கம்பெனி தன்னுடைய முதல் பர்சனல் கம்ப்யூட்டரை விற்கத் தொடங்கியபோது, டாஸ் என்ற ஆதார அமைப்பை ஒரு நெகிழ்வட்டில் தனியாகக் கொடுத்தது. கூட வந்த புத்தகம், அந்த வட்டுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும்படி வாங்கியவருக்கு யோசனை சொல்லிற்று. பிரதி எடுப்பதற்கென்றே டிஸ்க்காப்பி என்ற கட்டளையும் அந்த வட்டிலேயே இருந்தது. விற்றவனே, 'ஐயா, இது கெட்டுப்போகக் கூடிய பொருள். பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி விற்ற காலம் அது. வியாபாரத்தில் அப்படி ஒரு நாணயம் இருந்தது.

பிறகு என்ன நடந்தது? 1995இல் வந்த விண்டோஸ் 95 பதின்மூன்று நெகிழ்வட்டுகளிலோ ஒரு குறுந்தகட்டிலோ வாங்கியவர் கைக்கு வந்தது. கையில் எடுத்துப் பார்க்கலாம், அலமாரியில் அடுக்கலாம், யந்திரம் படுத்தால் மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்த கையோடு பெரிய கம்பெனிகள் முழுக் குறுந்தகட்டை நிறுத்திக்கொண்டு, ரெகவரி தகடு என்று அரைகுறையாக ஒன்றைக் கொடுத்தன. அதற்கப்புறம் அதையும் நிறுத்தினார்கள். யந்திரத்தின் வட்டிலேயே ஒரு மூலையைத் தடுத்து, அதற்குள் பிரதியை ஒளித்து வைத்துவிட்டு, 'உள்ளேயே இருக்கிறது, கவலைப்படாதீர்கள்' என்றார்கள். இன்றைக்குப் பெட்டியைப் பிரித்தால் சார்ஜர் இருக்கிறது. உத்தரவாத அட்டை இருக்கிறது. நாம் பணம் கொடுத்து வாங்கிய விண்டோஸ் மட்டும் கையில் பிடிக்கிற எந்த ரூபத்திலும் இல்லை.

உள்ளேயே இருக்கிறதாம்! வீட்டுச் சாவியின் மறு சாவியை அதே வீட்டுக்குள் ஆணியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வருகிறவரை நாம் என்னவென்று சொல்லுவோம்? வட்டு செத்துப்போனால் அந்த வட்டின் மூலையில் இருக்கும் பிரதி மட்டும் எப்படிப் பிழைக்கும்? முழு வட்டையும் பூட்டிப் பணம் கேட்கிற திருட்டு வைரஸ் வந்தால், அந்த மூலைக்கு மட்டும் மரியாதை கொடுத்து ஒதுங்கி நிற்குமா? இந்தச் சாதாரணக் கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்' என்ற பதில் தயாராக இருக்கிறது.

ஒன்றும் ஆகாதா? என்ன ஆகிறது என்று சொல்லுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி காலேஜில் சேர்ந்தபோது, வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து அவளுக்கு நல்லதாக ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். பில்லை இன்னும் கண்ணாடித் தாளில் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றரை வருஷத்தில் உள்ளே இருந்த வட்டு போய்விட்டது. உத்தரவாதம் ஒரு வருஷத்தோடு முடிந்திருந்தது. பழுது பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் புது வட்டுக்கு ஒரு தொகையும், 'விண்டோஸ் போட' என்று தனியாக ஒரு தொகையும் சொன்னார்.

"ஏன் தம்பி, வாங்கும்போதே விண்டோஸுக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டினேன்? பில்லில் போட்டிருக்கே!" என்றார் பெரியவர்.

"அது பழைய டிஸ்க்கோட போச்சு சார். புது டிஸ்க்குக்குப் புதுசாத்தான் போடணும்."

பெரியவர் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் போட்டுக் கொடுத்தது திருட்டு விண்டோஸ். அது திருட்டு என்று கண்டுகொள்ளாமல் இருப்பதற்காக ஒரு குறுக்கு வழிப் புரோகிராமையும் உள்ளே வைத்து, அது வேலை செய்வதற்காக யந்திரத்தின் வைரஸ் காவலையும் அணைத்து வைத்திருந்தார். முப்பது வருஷம் ஆபீஸில் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்கு எடுத்து வராத மனிதருடைய வீட்டில், அவர் அறியாமலே திருட்டுச் சரக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு அவரே கூலியும் கொடுத்திருக்கிறார்!

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, பெரிய கம்பெனிகள் விண்டோஸோடு விற்கும் யந்திரங்களில் அதன் உரிம எண் வட்டில் இல்லை. தாய்ப்பலகையில் இருக்கிற சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. பழைய நாளில் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டு போய்விட்டதே, அதற்குக் காரணம் இதுதான். வட்டு போனாலும் உரிமை போவதில்லை. அதே வகை விண்டோஸை மறுபடியும் போட்டால் அந்த எண்ணைத் தானே படித்துக்கொண்டு, இணையத்தோடு சேர்ந்ததும் செல்லுபடியாகிவிடும். பெரியவருடைய பணம் எங்கும் போகவில்லை. அவருடைய யந்திரத்துக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. அதை அவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை. அவர் கையில் முதல் நாள் பிரதி ஒன்று இருந்திருந்தால், கடைக்காரரிடம், 'வட்டை மட்டும் மாற்று, தம்பி. மற்றது என்னிடம் இருக்கிறது' என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடிகிறவன் வாங்கினவன். சொல்ல முடியாதவன் கடைக்குக் கடை கையேந்துகிறவன்.

சரி, எதிர்க்கட்சிக்காரர்களின் வாதங்களைப் பார்ப்போம். முதல் வாதம் படித்தவர்களுடையது. 'இந்தக் காலத்தில் எல்லாம் கிளவுடில் இருக்கிறது. யந்திரம் போனால் என்ன? இன்னொன்றில் நுழைந்தால் எல்லாம் வந்துவிடும்' என்கிறார்கள். வருவது சரக்கு, வீடு வருவதில்லை என்று மேலே சொன்னேன். அது எத்தனை பெரிய வித்தியாசம் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி நாட்பெட்யா என்ற நாசகாரப் புரோகிராம் உக்ரைனிலிருந்து கிளம்பி உலகெங்கும் பரவியது. டென்மார்க் தேசத்தின் மெர்ஸ்க் கம்பெனி, கடலில் சரக்குப் பெட்டிகளை ஏற்றிச் செல்வதில் உலகத்திலேயே முன்வரிசையில் நிற்பது. அதன் யந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. துறைமுக வாசல்களில் லாரிகள் வரிசையாக நின்றன.

அவ்வளவு பெரிய கம்பெனியில் பேக்கப் இல்லாமலா இருக்கும்? இருந்தது. சர்வர்களில் இருந்த சரக்குக்குச் சில நாள் பழைய பிரதிகள் இருந்தன. ஆனால் யார் யார் எதற்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானித்து, வலைப்பின்னல் முழுவதையும் கட்டி நிறுத்துகிற டொமைன் கண்ட்ரோலர்கள் என்கிற அடிப்படை யந்திரங்களுக்கு மட்டும் பிரதி அகப்படவில்லை. அவை ஒன்றுக்கொன்று பிரதியாக இருக்கின்றனவே, தனியாக வேறு எதற்கு என்று விட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே நாளில் அழியும் என்று யாரும் நினைக்கவில்லை. கடைசியில் ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீஸில் ஒரே ஒரு யந்திரம் பிழைத்திருந்தது. எப்படி? தாக்குதலுக்கு முன்னால் அங்கே மின்சாரம் போய், அந்த யந்திரம் வலையிலிருந்து அறுபட்டுக் கிடந்தது. கானாவிலிருந்து ஓர் ஊழியர் நைஜீரியாவுக்கு அந்த வட்டை எடுத்துப்போய் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் விமானத்தில் லண்டன் கொண்டு சேர்த்தார். அதை வைத்து மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவரே 2018இல் டாவோஸ் மகாநாட்டில் சொன்னார். கானாவில் கரண்ட் போனதால் பிழைத்த கம்பெனி அது! கரண்ட் போவதை நம்பி நாம் குடித்தனம் நடத்த முடியுமா?

இரண்டாவது வாதம் கொஞ்சம் நியாயமானது. விண்டோஸிலேயே யந்திரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிற வசதி இருக்கிறது. வட்டு போனால்கூட மைக்ரோஸாப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சில கம்பெனிகள் வரிசை எண்ணைக் கொடுத்தால் தங்கள் மாதிரிக்கு உரிய ரெகவரி கோப்பையே இறக்கிக்கொள்ள விடுகின்றன. உண்மை. ஆனால் அப்படி இறக்குவதற்கு ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும்; பல ஜிகாபைட்டுகளை இழுக்கிற இணையம் வேண்டும்; அந்தக் கம்பெனி அன்றைக்கு அந்த மாதிரியை நினைவில் வைத்திருக்கவேண்டும். பொது விண்டோஸைப் போட்டுவிட்டு, வைஃபை டிரைவர் இல்லாமல், அந்த டிரைவரை இறக்க இணையம் இல்லாமல் விழிக்கிற காட்சியை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் கொடுப்பது அனுமதி. அனுமதியை எந்த நாளும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? இந்த விஷயத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. முழு யந்திரத்தையும் பிரதி எடுக்கிற கருவியை மைக்ரோஸாப்டே 2007இல் விஸ்டாவோடும், 2009இல் விண்டோஸ் 7 உடனும் கொடுத்தது. பிறகு 2017இல், அந்தக் கருவியை இனி வளர்க்கப் போவதில்லை, வேறு கம்பெனிகளின் புரோகிராம்களை உபயோகித்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டது. இன்றும் விண்டோஸ் 11இன் மூலையில், விண்டோஸ் 7 என்ற பழைய பெயர்ப் பலகையோடு அது தூசி படிந்து கிடக்கிறது. சரி, வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், பல வருஷம் இலவசமாகக் கிடைத்து ஜனங்கள் நம்பியிருந்த மாக்ரியம் என்ற புரோகிராமின் இலவசப் பதிப்பு 2024 ஜனவரி 1ஆம் தேதியோடு ஓய்வு பெற்றுவிட்டது. இலவசமாகக் கொடுத்ததை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்று இருக்கிற வசதி நாளைக்கும் இருக்கும் என்று சோம்பி இருப்பதற்கு நமக்கு ஒரு நியாயமும் இல்லை.

மூன்றாவதாக ஒரு வாதம் உண்டு. இதைச் சொல்லுகிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். 'கம்பெனிக்காரன் உள்ளே வைத்து அனுப்புவதே குப்பை. யாருக்கும் வேண்டாத புரோகிராம்களும் விளம்பரங்களும் நிறைந்தது. அந்தக் குப்பைக்கு ஒரு பிரதி வேறா?' என்கிறார்கள். குப்பை என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். 2008ஆம் ஆண்டு மார்ச்சில் ஸோனி கம்பெனி, தன் வாயோ லேப்டாப்புகளில் தானே நிரப்பி வைத்த உபரிப் புரோகிராம்களை நீக்கித் தருவதற்கு அமெரிக்காவில் 50 டாலர் கட்டணம் வைத்தது. ஜனங்கள் கூச்சல் போட்டதும் கட்டணத்தை ரத்து செய்தது. குப்பையைக் கொட்டியவனே அள்ளுவதற்கும் கூலி கேட்ட கதை! அதைவிட மோசமானது 2015 பிப்ரவரியில் அம்பலமான லெனோவோ விவகாரம். அந்தக் கம்பெனி விற்ற சில லேப்டாப்புகளில் சூப்பர்பிஷ் என்றொரு விளம்பரப் புரோகிராம் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தது. பாங்க் முதலிய பத்திரமான தளங்களோடு நாம் பேசுவதற்கு நடுவில் அது புகுந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வழியாக மற்றவர்களும் நுழைய முடியும் என்று நிபுணர்கள் காட்டினார்கள். 2017இல் அமெரிக்காவின் வர்த்தகக் கமிஷனோடு அந்தக் கம்பெனி சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

ஆனால் இதனால் ஏற்படுகிற முடிவு என்ன? முதல் பிரதி வேண்டாம் என்பதா? முதல் பிரதி கட்டாயம் வேண்டும் என்பதுதான்! நான் வாங்கிய அன்று எனக்கு என்ன கொடுத்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. நாளைக்கு ஒரு கோளாறு என்று போனால், 'நீங்கள் எதையோ உள்ளே போட்டிருப்பீர்கள்' என்று சர்வீஸ் சென்டரில் சொல்லுவார்கள். முதல் நாள் பிரதியைத் திரும்பப் போட்டுக் காட்டி, 'இதோ, நீங்கள் கொடுத்த நிலையிலேயே இருக்கிறது. இப்போதும் அதே கோளாறுதான்' என்று சொல்லுவதற்கு வாய் வேண்டாமா? அந்தப் பிரதியைத் தனியாக வைத்துவிட்டு, பிறகு குப்பையை நீக்கி, வேண்டியவற்றைப் போட்டு, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று ஆனதும் இரண்டாவது பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி ஆபத்துக்கு இரண்டாவது உதவும். உரிமைக்கும் நியாயத்துக்கும் முதலாவது உதவும்.

ஏன் முதல் நாளே என்று கேட்டால் இன்னும் காரணங்கள் இருக்கின்றன. அன்றைக்கு அதில் நம்முடைய அந்தரங்கம் எதுவும் இல்லை. பாங்க் கணக்கு இல்லை, கடிதம் இல்லை, குடும்பப் படம் இல்லை. அந்தப் பிரதியை எந்தக் கடைக்காரர் கையிலும் அச்சமின்றிக் கொடுக்கலாம். யந்திரத்தை விற்கும்போதும், நம்முடையதை முறைப்படி அழித்துவிட்டு அதைப் போட்டுக் கொடுக்கலாம். அளவும் சிறியது. புது யந்திரத்தில் விண்டோஸும் கூட வந்த புரோகிராம்களும் பொதுவாகச் சில பத்து ஜிகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். சுருக்கி எடுத்தால் இன்னும் குறையும். மற்றொன்று: மைக்ரோஸாப்ட் கணக்கைக் கொடுத்து உள்ளே நுழைந்தவுடன் புதிய யந்திரங்கள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டின் நாற்பத்தெட்டு இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காருகிறது. கணக்கை மறந்தால் வட்டும் போயிற்று. இப்படி ஒரு பூட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு, சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுகிறவர் புத்திசாலி.

செய்வது எப்படி? க்ளோன்ஸில்லா என்று ஒன்று இருக்கிறது. தைவான் நாட்டில் உருவானது, இலவசம், அதன் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. கொஞ்சம் பார்வைக்கு எளிதாக வேண்டுமானால் அதே இனத்தில் ரெஸ்க்யூஸில்லா இருக்கிறது. வேறொரு கம்ப்யூட்டரில் அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளவேண்டும். புது யந்திரத்தைத் திறக்கும்போதே, அந்தக் கம்பெனி வைத்திருக்கிற விசையை அமுக்கி - எஃப்12, எஃப்9 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும் - பென் டிரைவிலிருந்து எழுப்பவேண்டும். உள்ளேயிருக்கும் விண்டோஸ் தூங்கிக்கொண்டே இருக்கும். அது தூங்கும்போதே முழு வட்டையும் வெளி வட்டு ஒன்றுக்குப் பிரதி எடுத்துவிடலாம். எது மூலம், எது போய்ச் சேருமிடம் என்பதை மட்டும் இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிற்பாடு திரும்பப் போடுகிற வட்டு, பழைய வட்டின் அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கவேண்டும். சில யந்திரங்களில் வட்டு கண்ணுக்குத் தெரியாமல் அடம்பிடிப்பதுண்டு. சிலவற்றில் வட்டு வரும்போதே பூட்டு முறையில் எழுதப்பட்டிருந்தால் பிரதி பெரிதாகிவிடும். அப்போது விஷயம் தெரிந்த பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாலைப் பொழுது வேலை.

எடுத்த பிரதி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் வேண்டும். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. ஓலைச்சுவடி காலம் முழுவதும் நாம் பிரதி எடுத்தே பிழைத்தவர்கள். ஓலை செல்லரிக்கும், ஒடியும் என்று தெரிந்துதான் தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்து எழுதினார்கள். பெயர்க்காமல் விட்டவை ஆடிப் பெருக்கில் ஆற்றோடு போன கொடுமையை உ.வே. சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். 1887இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரு சுவடியோடு நிற்கவில்லை. பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்காத பிரதியை நம்பக்கூடாது என்பது அந்தப் பரம்பரையின் பாடம். 2017 ஜனவரியில் கிட்லாப் என்ற கம்பெனியில் ஊழியர் ஒருவர் தவறுதலாக ஒரு பெரிய தரவுத்தொகுதியை அழித்துவிட்டார். ஐந்து விதமாகப் பாதுகாப்பு செய்து வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதி ஒன்று இருந்ததால் தப்பினார்கள். நிபுணர்களுக்கே இந்தக் கதி. க்ளோன்ஸில்லாவில் எடுத்த பிரதியைச் சரிபார்க்கிற வசதி உண்டு. அதை 'வேண்டாம்' என்று தாண்டிப் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு வாதம். என் கோபமெல்லாம் இதன்மேல்தான். 'சாதாரண ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது சார். அவர்களைப் பயமுறுத்தாதீர்கள்' என்கிறார்கள். புரியாதா? ரேஷன் கார்டுக்கும், ஆதாருக்கும், பட்டாவுக்கும், பிள்ளையின் ஜாதிச் சான்றிதழுக்கும் நகல் எடுத்து, நகலுக்கு நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்து வாங்கிப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறுகிற ஜனங்களுக்கா பிரதியின் அருமை புரியாது? இந்த நாட்டில் அதைப் புரிந்துகொண்டிருக்கிற ஒரே வர்க்கம் அவர்கள்தான். அவர்களுக்குப் புரியாமல் இருந்தால்தான் லாபம் என்று இருக்கிறவர்கள், புரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருப் பெரியவரிடம் வாங்கிய அன்றைக்கே யாராவது இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், பத்திரத்துக்கு எடுத்ததுபோல் இதற்கும் எடுத்திருப்பார். சொல்லவில்லை. சொல்லுவதற்குப் பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு உதவி நின்றது. பழைய யந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. ஆகையால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த யந்திரத்தை ஓரம் கட்டிவிட்டுப் புதிது வாங்க வேண்டிய நிர்ப்பந்தம் எத்தனையோ வீடுகளுக்கு வந்திருக்கிறது. கடன் வாங்கியோ தவணையிலோ வாங்குகிறார்கள். அப்படி வாங்குகிறவர்களுக்குக் கம்பெனிகள் செய்யவேண்டியது பெரிய தர்மம் ஒன்றுமில்லை. அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்குள், சில நூறு ரூபாய் பெறுமான பென் டிரைவ் ஒன்றில் அந்த யந்திரத்தின் மூலப் பிரதியை வைத்துக் கொடுக்கட்டும். 1981இல் முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது? வாங்குகிறவர்களும் கடையில் வாய்விட்டுக் கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார்கள். பதினாயிரம் பேர் கேட்டால் கொடுப்பார்கள்.

அவர்கள் கொடுக்கிற வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டுக்கோ உங்கள் பெண் வீட்டுக்கோ புதுக் கம்ப்யூட்டர் வந்தால், குங்குமம் வையுங்கள், பூவும் வையுங்கள், ஆனால் அன்று மாலை அதில் படம் பார்க்க உட்காராதீர்கள். முதலில் பிரதி எடுங்கள். மேலே வாங்கிய தேதியை எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவில் வையுங்கள். அதற்குப் பிறகு அந்த யந்திரம் உங்களுடையது.